பட்டியலில் பதினைந்து

டிசம்பர் 18, திங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழக்குளம் உடைந்தது. ஐந்தே காலுக்கு எங்கள் பட்டிக்குள் இடுப்பளவு தண்ணீர். முப்பது ஆடு அடைத்திருந்தோம். இப்போது பத்துதான் உயிரோடு இருக்கிறது. முள்வேலியைத் தாண்டிக் குதித்த பத்து. மற்றவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மிதிபட்டு, போய்விட்டன.

மேட்டுப் பட்டியில் ஒன்பதுதான் செத்திருக்கிறது. நானே போய் எண்ணிவிட்டு வந்தேன். அது ஆவுடையின் பட்டி. ஆவுடை என் வீட்டுக்காரருடைய அண்ணன் கொம்பையாவின் மனைவி. எனக்கு ஓரகத்தி. பாகம் பிரித்தபோது மேடு அவர்களுக்கு, பள்ளம் எங்களுக்கு. மூத்தவன்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது யார் போட்ட சட்டமோ.

தண்ணீர் வரும்போது ஆவுடை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "படலைத் தொறந்து விடுட்டி" என்று கத்தினாளாம். இவர் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என் பட்டியை எப்போது திறப்பது என்று எனக்குத் தெரியாதா?

அரிசி நனைந்துவிட்டது. பரணில் கிடந்ததால் இந்த டைரி மட்டும் காய்ந்திருக்கிறது. உரக்கடையில் இவருக்குக் கொடுத்தது. அச்சடித்த தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

பதினான்கு உடல்கள் கிடைத்தன. ஆறைக் காணவில்லை. அதில் சுட்டியும் ஒன்று. நெற்றியில் வெள்ளை விழுந்த பெட்டை. தாய் செத்துப்போனதால் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. ஓடைப்பக்கம் உடைமரக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்கிறார் இவர். அங்கே இன்னும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.

பதினான்கு உடலிலிருந்தும் வலது காதை அறுத்து எடுத்தேன். எங்கள் ஆட்டுக்கு வலது காதின் கீழ்ப்பக்கம் இரண்டு வெட்டு. அதுதான் அடையாளம். ஆவுடையின் ஆட்டுக்கு இடது காது நுனி வெட்டு. இங்கே ஆடு வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் வாரத்துக்கு வளர்க்கிறார்கள். முதல் போடுவது ஒருவர், மேய்ப்பது ஒருவர், குட்டியில் ஆளுக்குப் பாதி. ஆடு செத்தால் காதை அறுத்துக்கொண்டு போய் முதல் போட்டவரிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டதாகச் சொல்வார்கள். எங்களிடம் இருந்ததிலும் பாதி டவுனில் இருக்கிற கமலவேணி டீச்சருடைய ஆடு. காதைக் காட்டினால் போதும். டீச்சர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ரோட்டை ஒதுக்க ஜே.சி.பி. வந்தது. டிரைவரைக் கெஞ்சி ஒரு குழி தோண்டச் சொன்னேன். அப்போது ஆவுடை வந்து நின்றாள்.

"ஏட்டி பிரமு, பொதைக்காத. டாக்டரு வரட்டும். எங்க அண்ணன் போன்ல சொன்னான்."

"டாக்டரு வந்து உசுரு குடுக்கப் போறாரோ?"

"பாத்துட்டு எழுதுவாங்களாம்ட்டி."

"ஒங்க ஆடு மேட்டுல கெடக்கு. காத்துல நாத்தம் போயிரும். எங்கது அடுப்படிக்குப் பக்கத்துல கெடக்குக்கா."

அவள் போய்விட்டாள். நான் புதைத்துவிட்டேன். மேலே சுண்ணாம்பும் போட்டேன். தெருவிலேயே முதலில் சுத்தமானது எங்கள் வாசல்தான். அவள் வாசலில் ஒன்பதும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்துகிறார்கள்.

டிசம்பர் 20, புதன்

கால்நடை டாக்டரும் வி.ஏ.ஓ.வும் வந்தார்கள். செத்த ஆடு ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய் வெள்ள நிவாரணமாம். உடலை டாக்டர் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆட்டுக்காரர் நிற்க, போட்டோ எடுக்க வேண்டும். அதுதான் விதி. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை.

நான் பையை அவிழ்த்துக் காதுகளைச் சாக்கில் கொட்டினேன். டாக்டர் சின்னப் பெண். ஓர் அடி பின்னால் போனார்.

"என்னம்மா இது?"

"காது டாக்டர். எங்க வெட்டு இருக்கு பாருங்க. பதினாலு."

வி.ஏ.ஓ. சிரித்தார். "உசுரோட இருக்கற ஆட்டுலயும் காத அறுக்கலாம்லம்மா."

"எங்கிட்ட இருக்கற பத்தையும் ஓட்டியாறேன். எதுக்காவது காது இல்லையான்னு பாருங்க சார்."

"அடுத்த ஊருல போயி அறுத்துட்டு வந்தியோ என்னமோ."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு தின்னாதவளைப் பார்த்துச் சிரிப்பதற்கு இந்த ஆளுக்கு மாதச் சம்பளம்.

குழியைத் தோண்டிக் காட்டுகிறேன் என்றேன். புதைத்ததை எடுத்தால் நோய் பரவும், கூடாது என்றார் டாக்டர். வி.ஏ.ஓ. நோட்டில் இவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'உடல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஆவுடை வாசல். தார்ப்பாயை விலக்கினாள். "வெரி குட்மா. இப்படித்தான் வச்சிருக்கணும்" என்றார் டாக்டர். செத்த ஆட்டுக்கு வெரி குட். ஒவ்வோர் ஆட்டுக்கும் பக்கத்தில் போய் நின்றாள். போட்டோவுக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டதை நான் பார்த்தேன். சாயங்காலம் குழாயடியில் அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இவர் சொல்லிவிட்டார். "தை பொறக்கறதுக்குள்ள ஏதாவது வரலேன்னா நான் பல்லடம் கோழிப்பண்ணைக்குப் போயிருவேன். ஏஜெண்டு கேட்டுக்கிட்டே இருக்கான்."

பத்து ஆட்டை வைத்து ஒரு குடும்பம் நடக்காது. இன்னும் ஐந்தாறு பெட்டை வாங்கினால்தான் மந்தை திரும்ப எழும்பும். கோழிப்பண்ணைக்குப் போன இவருடைய சேக்காளி மூன்று வருடமாக ஊர் திரும்பவில்லை. இவரும் அப்படிப் போய்விட்டால் நான் இந்தப் பள்ளத்தில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனோடும் முப்பத்தொரு ஆட்டோடும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு.

டிசம்பர் 21, வியாழன்

டவுனுக்குப் போய் டீச்சரிடம் காதுகளைக் காட்டினேன். எண்ணாமலே, "மூடு மூடு, பாத்துட்டேன்" என்றார்கள். பிறகு, "நிவாரணம் வந்தா அதுல எனக்குப் பாதி உண்டு பிரமு. ஆடு எம் முதல்லா" என்றார்கள். வராது என்றேன். "அப்படியெல்லாம் சொல்லாத, எழுதிப் போடு" என்றார்கள். காப்பி கொடுத்தார்கள். மாடி வீடு. தண்ணீர் தெருவோடு நின்றுவிட்டது.

பஸ் இல்லை. பாதி வழி நடந்து சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். இவர் கை காலெல்லாம் முள் கிழித்திருந்தது. சட்டையில் பிண நாற்றம். "அண்ணன்கூட ஓடைப்பக்கம் முள்ளு ஒதுக்கப் போனேன்" என்றார். அண்ணனுக்கு வேலை என்றால் உடனே போய்விடுவார். சொந்தப் பட்டியில் வேலி விழுந்து கிடக்கிறது.

ஆவுடையின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். போன ஒன்பதுக்கு இன்றைக்கு அழுகிறாள். இருபது போனவள் நான் நிமிர்ந்து நடக்கிறேன்.

டிசம்பர் 22, வெள்ளி

வேலி கட்டினேன். தனியாக.

டிசம்பர் 27, புதன்

வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசி, ஒரு பெட்ஷீட் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஆவுடை. எனக்குக் கிடைத்த பெட்ஷீட்டில் ஓட்டை. அவள் தன்னுடையதை என் தோளில் போட்டுவிட்டு ஓட்டையை எடுத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும்படி.

"வேண்டாம்க்கா."

"வச்சுக்கட்டி. எனக்கு எரிப்பு ஒடம்பு. போத்தவா போறேன்?"

மத்தியானம் ஒரு சினை ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். குட்டி போடும்வரை எங்கள் பட்டியில் நிற்கட்டுமாம், பாலை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமாம். "எங்ககிட்ட இல்லாமயா போச்சு?" என்றேன். இவர் குறுக்கே வந்து, "நில்லுங்க மயினி, நான் கட்டுதேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். கொடுப்பதற்கு இருக்கிறவள் கொடுக்கிறாள். இதில் என்ன பெரிய குணம்?

ஜனவரி 3, புதன்

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். இவர் பெயர் இல்லை. பதினெட்டாவது வரி: ஆவுடையம்மாள், கணவர் பெயர் கொம்பையா, செம்மறி ஆடு, பதினைந்து.

பதினைந்து.

திரும்ப ஒருமுறை படித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் பதினைந்து என்றுதான் படித்தாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "ஒம்பது எப்படிப் பதினஞ்சு ஆச்சு? ஒங்க மயினி வயித்துல ஆறு குட்டி போட்டாளோ?"

"ஏளா, மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அவ அண்ணன் சொல்லிக் குடுத்திருப்பான். வி.ஏ.ஓ.வுக்கு ஒரு கெடா போயிருக்கும்."

"எனக்காகப் பொறு. பணம் வரட்டும், எல்லாம் சொல்லுதேன்."

"அவளுக்குப் பணம் வந்தா எனக்கு என்ன வந்துச்சு?"

"வாய மூடிக்கிட்டுச் சும்மா கெடயேன் சவமே!" என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் என்னை அப்படிச் சொன்னதில்லை. அவளுக்காகச் சொன்னார்.

ஜனவரி 5, வெள்ளி

எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இருபது ஆட்டை இழந்தவளுக்குச் சுழி. ஒன்பது ஆட்டுக்காரிக்குப் பதினைந்து. இந்த நாட்டில் உள்ளதைச் சொல்கிறவன் பைக்குள் அறுத்த காதோடு நிற்க வேண்டும். நடிக்கத் தெரிந்தவள் போட்டோவுக்கு நிற்பாள். இதைக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

சினை ஆடு இன்று குட்டி போட்டது. இரட்டை. அவளுக்கு எல்லாமே இரட்டை.

ஜனவரி 7, ஞாயிறு

மனு எழுதினேன். மூன்று தாள் கிழித்து நான்காவது சரியாக வந்தது.

'ஐயா, எங்கள் கிராமத்தில் கொம்பையா மனைவி ஆவுடையம்மாள் என்பவருக்கு வெள்ளத்தில் இறந்தது ஒன்பது ஆடுகள் மட்டுமே. ஆனால் நிவாரணப் பட்டியலில் பதினைந்து என்று உள்ளது. உண்மையில் பாதிக்கப்பட்ட ஏழைகளுக்கு ஒன்றும் இல்லை. தயவுகூர்ந்து விசாரிக்க வேண்டும். இப்படிக்கு, உண்மை விளம்பி.'

ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஜனவரி 8, திங்கள்

ரேஷன் கார்டு வேலை என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் போனேன். திங்கட்கிழமை மனு நாள். வரிசையில் நின்றால் பெயர் கேட்பார்கள் என்று பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் ஒரு வடை வாங்கித் தின்றேன். வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் வாய்க்கு ருசி தெரிந்தது.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப்பொங்கல்

பத்து ஆட்டையும் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்தேன். ஆவுடை வெல்லச் சோறு கொண்டு வந்தாள். இவரோடு பட்டி ஓரமாக நின்று குசுகுசுவென்று பேசினாள். நான் போனதும் நிறுத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி பிரமு, அடுத்த வாரம் பணம் ஏறிரும்னு சொல்லுதாங்க. ஏறுனதும் எட்டயபுரம் சந்தையில ஆறு பெட்டை புடிக்கணும். நீயும் வரணும். ஆடு பாக்கதுக்கு ஒங் கண்ணு மாதிரி எனக்கு வராது."

"ஏன், ஒங்க வீட்டுக்காரரு பாக்க மாட்டாரோ?"

"அவரு கெடா எது பெட்டை எதுன்னு கயித்தப் பாத்துச் சொல்லுத ஆளு. நீயே பாத்து, நீயே புடிக்கணும்."

இவர் சிரித்தார். அண்ணனைக் கிண்டல் செய்தால் சிரிக்கிற ஆள் இல்லை இவர். இன்று சிரித்தார்.

பொய்ப் பணத்தில் அவள் வாங்கப்போகிற ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்க நான் போக வேண்டுமாம். வருகிறேன் என்று சொன்னேன். பணம் ஏறட்டும் பார்ப்போம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 18, வியாழன்

துணைத் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். பஞ்சாயத்து ஆபீசில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, மனுவைச் சத்தமாகப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாயில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொம்பையாவும் இவரும் பின்னால். வி.ஏ.ஓ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒம்பதா, பதினஞ்சாம்மா?"

"பதினஞ்சு சார். டாக்டரம்மா பாத்தாங்க. போட்டோ இருக்கு."

"பக்கத்து வீடு யாரு?"

நான் முன்னால் போனேன். எத்தனை ஆடு செத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "இதுல இருக்கறது எல்லாம் இவங்க ஆடுதானா? பாத்துச் சொல்லுங்க."

ஒன்பது படம் வரை அவள் ஆடுதான். ஒவ்வொன்றிலும் நின்றுகொண்டிருந்தாள். பத்தாவது படத்தில் சேற்றில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஓடைப்பக்கம். பின்னால் உடைமரம். அவள் கை ஓர் ஆட்டின் தலைமேல் இருந்தது. வயிறு ஊதி, கால் விறைத்து, ஆனாலும் நெற்றியில் வெள்ளை.

"அது எஞ் சுட்டில்லா!"

நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அவள் கை என் ஆட்டின் தலைமேல் இருந்தது. அதைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"உங்க ஆடா?"

"வலது காதப் பாருங்க சார், கீழ ரெண்டு வெட்டு. எங்க வெட்டு. நான் பால் குடுத்து வளத்தது சார். இது எங்க கெடந்துச்சு?" கடைசிக் கேள்வி ஆவுடையைப் பார்த்து.

"போதும்ட்டி" என்றாள் அவள். மெதுவாக.

அடுத்த படத்தைத் தட்டினார். அதுவும் என்னுடையது. அதற்கடுத்ததும். சொல்லிக்கொண்டே போனேன். இது கறுப்பி மகள், இது போன தையில் பிறந்தது. ஆறையும் நான்தான் அடையாளம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் காது இருந்தது. திரும்பிப் பார்த்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

துணைத் தாசில்தார் எழுதினார்: பிறர் ஆட்டைத் தன் ஆடு என்று காட்டியதால் மொத்தமும் ரத்து. பதினைந்தும். அவளுடைய ஒன்பதும் சேர்த்து.

ஜனவரி 19, வெள்ளி

இவர் சொன்னது. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நான் டீச்சர் வீட்டுக்குப் போன அன்று காட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆவுடைதான் முதலில் போய்த் தேடியிருக்கிறாள். ஆறு உடலும் முள்ளில் சிக்கிக் கிடந்திருக்கிறது. அண்ணனும் தம்பியுமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். டாக்டர் பக்கத்து ஊரில் இருந்தார். அன்றோடு கணக்கெடுப்பு முடிகிறது. ஓடிப்போய்க் கூட்டி வந்திருக்கிறார்கள். வி.ஏ.ஓ. மாட்டேன் என்றாராம். ஒருமுறை 'உடல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், அடித்துத் திருத்தினால் அவர் வேலைக்கு ஆபத்தாம். வேண்டுமானால் கணக்கு முடியாத பெயர் ஏதாவது ஒன்றில் சேர்க்கலாம் என்றாராம். அண்ணன் வேண்டாம் என்றிருக்கிறார். ஆவுடைதான், "எம் பேருல எழுதுங்க" என்று சேற்றில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ தெருவுல நின்னு, அவ பேருல வார பணம் எனக்கு வேண்டாம்ப."

சொல்லியிருப்பேன்.

"மனு எழுதுன சவம் யாருன்னு தெரியல. தெரிஞ்சா கைய முறிச்சிருவேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜனவரி 20, சனி

ஆடுகளை ரோட்டோரம் மேய்த்தேன். ஒன்று நொண்டுகிறது. குளம்பில் முள். எடுத்துவிட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

இவர் பல்லடம் போய்விட்டார். இரண்டு லுங்கி, ஒரு போர்வை. ஓட்டை இல்லாத பெட்ஷீட்.

ஜனவரி 26, வெள்ளி

கிராமசபைக் கூட்டம். பட்டியலைப் படித்தார்கள். பதினெட்டாவது வரி வந்ததும், 'நீக்கம்' என்று படித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "செத்த ஆட்டுக்குப் பக்கத்துல முந்தானைய சரிபண்ணிக்கிட்டு போஸ் குடுத்தாளாமே!" என்றான். கூட்டம் சிரித்தது. அது நான் குழாயடியில் சொன்னது. என் வார்த்தை அப்படியே.

ஆவுடை எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்து, மிட்டாய் கொடுத்தபோது கை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் என்றால் பாதியில் எழுந்து ஓடியிருப்பேன். எனக்கு அப்படி உட்காரத் தெரியாது. அதுவும் அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

ஆவுடை வந்தாள். கையில் நாலு வெள்ளைத் தாள், ஒரு பேனா. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மேல்முறையீடு எழுதணும். ஒக்காந்து எழுது."

"ஒங்க அண்ணன எழுதச் சொல்லுங்க."

"எதுக்கு? மொட்ட மனு எழுதுன கைதான் நல்லாப் பழகியிருக்குமே."

எனக்கு உலை கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தேன்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்கு ஊரே மூழ்கிக் கெடக்கு. ஒவ்வொருத்தரும் அவுங்கவுங்க ஆட்டத் தேடுதாங்க. அடுத்தவ வாசல்ல எத்தன செத்துச்சுன்னு எண்ணிப் பாக்க வேற யாருக்குட்டி நேரம் இருந்துச்சு?"

"அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவன் கேக்கவும் இல்ல. கேக்காமத்தான பஸ் ஏறிட்டான். ம், எழுது."

உட்கார்ந்து எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, நான் சரிசெய்து எழுதினேன். ஒன்பது ஆடுகள் ஆவுடையம்மாளுடையவை. ஆறு ஆடுகள் பிரம்மசக்தியுடையவை. உடல்கள் கிடைத்த நாளில் அவர் ஊரில் இல்லை. ஏற்கெனவே அவர் கணவர் பெயருக்கு நேரே 'உடல் இல்லை' என்று பதிந்துவிட்டதால் வேறு பெயரில் பதிய நேர்ந்தது. டாக்டர் ஆறையும் நேரில் பார்த்தது உண்மை. ஒன்பதை ஆவுடையம்மாளுக்கும் ஆறைப் பிரம்மசக்திக்கும் தனித்தனியாக வழங்க வேண்டும்.

முடித்த பிறகு நானாகவே இன்னொரு வரி சேர்த்தேன். 'முன்பு பெயரில்லாமல் வந்த மனுவை எழுதியதும் நான்தான். பொறாமையால் எழுதினேன்.' எழுதி முடித்ததும், வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக நெஞ்சு லேசானது போல் இருந்தது. இதை அவளாலும் செய்திருக்க முடியாது என்று நினைத்தேன்.

ஆவுடை தாளை வாங்கி உதடு அசையப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"உண்மதானக்கா."

"உண்மைய வச்சு என்ன செய்ய? கிறுக்கி இவ, அன்னைக்கு ஒண்ணு எழுதுனா இன்னைக்கு ஒண்ணு எழுதுதாம்பான். ஆறும் போயிரும், ஒம்பதும் போயிரும். ஒம் புருஷன் அங்கன கோழிப் பீ அள்ளிக்கிட்டே கெடப்பான். அடி அத."

"இருக்கட்டும்க்கா."

"அடிச்சாத் தெரியும். வேற தாள்ல எழுது, அது இல்லாம."

வேறு தாளில் எழுதினேன். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பழைய தாளை அவளே அடுப்பில் போட்டாள். நல்லவளாக ஆவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஒரு வரி. அதையும் அவள்தான் எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 29, திங்கள்

வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, பெயர் சொல்லி, மனு கொடுத்தோம். நம்பர் போட்ட சீட்டு ஒன்று தந்தார்கள். ஒரு மாதத்துக்குள் டாக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் ஒரு இடம்தான் இருந்தது. அதில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள், நான் நின்றுகொண்டே வந்தேன். ஊர் வந்து சேரும்வரை வெயில் முழுக்க அவள்மேலேயே அடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.